தறி ஓடிய இடத்தில் துப்பாக்கி!



போன மாதம் இதே பகுதியில், 'வீட்டோடு இருக்கும் பெண்கள் என்ன தொழில் செய்யலாம்?' என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அப்பளம், தையல், மசாலாப் பொடி என்று பலரும் யோசனை சொல்லியிருந்தீர்கள். நான் செய்வதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஈரோடு பக்கத்தில், எங்கள் பழைய தறிப்பட்டறையில், துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடம் நடத்துகிறேன்!

பயந்து விடாதீர்கள். காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிள்தான். 4.5 மி.மீ. ஈயக் குண்டு, 10 மீட்டர் தூரத்தில் ஒரு காகிதம். அதன் நடுவில் இருக்கும் பத்துப் பாயின்ட் புள்ளி வெறும் அரை மி.மீ. தான். கடுகைவிடச் சின்னது! நம் நாட்டுச் சட்டப்படி 4.5 மி.மீ. குழாயும், 20 ஜூலுக்குள் ஆற்றலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைபிள் அதில் பாதிகூட வராது.

நூல் விலை ஏறி, தறிகளை எடைக்குப் போட்ட பிறகு, அறுபதடி நீளப் பட்டறை பூட்டிக் கிடந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கிய செய்தியைப் படித்துவிட்டு, பத்தாவது படித்துக் கொண்டிருந்த என் மகள், "எனக்கும் சுடக் கத்துக்கணும்மா" என்றாள். பக்கத்தில் இடமில்லை. கோவைக்கு வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் கூட்டிப் போனேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தபோதுதான், 'நம்ம பட்டறை இதைவிட நீளமாச்சே!' என்று தோன்றியது.

2022-ல் ஆரம்பித்தோம். என் 12 பவுன் நகை பாங்கில் போனது. மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பக்கத்துத் தோட்டத்து அம்மாவோ, "ஏனுங்கம்மணி, துப்பாக்கிச் சத்தம் கேட்டா எம்பட எருமை பால் குடுக்குமுங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு ஒரு குண்டு சுடச் சொன்னேன். 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "இதுக்கா இத்தனை பேச்சு!" என்று அவரே சிரித்தார். இன்று அவர் பேத்தி எங்களிடம்தான் பயில்கிறாள்.

தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்காகக் கணக்கையும் சொல்லி விடுகிறேன். வெளிநாட்டு ரைபிள் ஒன்று இரண்டு லட்சத்தைத் தாண்டும். அதில் இரண்டும், நம் நாட்டில் செய்தது நான்கும் வாங்கினேன். குண்டு தெறிக்காமல் இருக்க இலக்குக்குப் பின்னால் சாய்த்து வைத்த இரும்புத் தகடு, காகிதத்தின் மேல் 1500 லக்ஸ் வெளிச்சம் என்று செலவு நீண்டுகொண்டே போனது. யாரும் சொல்லாத செலவு ஒன்று உண்டு. எங்கள் பட்டறைக்கு சிமென்ட் ஷீட் கூரை. சுடும்போது போடும் கோட்டு கான்வாஸ் துணியும் தோலுமாக ரஜாய் கனத்தில் இருக்கும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக் கொண்டு பெண் பிள்ளைகள் வியர்வையில் குளித்தார்கள். ஃபேன் போட்டால் காகிதம் ஆடுகிறது! கடைசியில் ஏ.சி. மாட்டினோம். கரன்ட் பில்லைப் பார்த்து என் கணவர் தலையில் கை வைத்துக் கொண்டார்.

மாதம் 2,500 ரூபாய் வீதம் 28 பிள்ளைகள். 70,000 வருகிறது. கோச் சம்பளம் 25,000, கரன்ட் 11,000, குண்டு, காகிதம் 9,000, நகைக் கடன் தவணை 9,500, கூட்டித் துடைக்கும் அம்மாவுக்கு 5,000 போக, கையில் நிற்பது 10,500. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய வாரம், போன் ஓயவே இல்லை. மூன்று மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பணத்தைவிட என் தூக்கத்தைக் கெடுத்த விஷயங்கள் வேறு. கூட்டித் துடைக்கும் அம்மா தன் ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கி வருவார். அது தரையில் தவழ்ந்து விளையாடும். நானும் கொஞ்சிக் கொண்டிருந்தேன். ஒரு நாள் அதன் உள்ளங்கை சாம்பல் நிறமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஈயத் தூள்! குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கிற விஷம் அது. அன்றோடு துடைப்பத்தை நிறுத்தினேன். பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். குழந்தைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் மாமியார் மடி. சுடும் இடத்தில் டிபன் பாக்ஸ் திறக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் படி இறங்கக் கூடாது. இதைச் சொன்னால், "ஓவராப் பண்றீங்கக்கா" என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்!

இன்னொன்று. நிற்கும் நிலையைத் திருத்துகிறேன் என்று தொட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எங்கள் கோச் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். இருந்தும், கையில் ஒரு குச்சியால் காட்டித்தான் திருத்துவார். அம்மாக்கள் உட்கார உள்ளேயே பெஞ்சு போட்டிருக்கிறேன். கதவை மூடிவிட்டு வகுப்பு எடுக்கும் இடத்துக்குப் பெண்ணை அனுப்பாதீர்கள்.

இப்போது நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் இன்ஜினீயரிங் முடித்தவன். ஒரு நாள் வந்து, "சித்தி, இதுல என்ன கிடைக்குது உங்களுக்கு? ஏர்சாஃப்ட் போடுங்க. பிளைவுட் தடுப்பு கட்டி, ரெண்டு டீமா பிரிச்சு, பிளாஸ்டிக் குண்டால ஒருத்தரை ஒருத்தர் சுடற ஆட்டம். தலைக்கு 500 ரூபாய். ஒரு மணிக்குப் பத்துப் பேர், சனி ஞாயிறு பன்னண்டு மணி நேரம்... 60,000!" என்றான்.

கிட்டத்தட்ட ஒரு மாத வருமானம், ஒரே வாரக் கடைசியில்! என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்த ஆட்டத்தைக் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஜப்பானில் தோன்றி, பல நாடுகளில் ஒழுங்காக ஆடுகிறார்கள். 6 மி.மீ. பிளாஸ்டிக் உருண்டை. ஜப்பானில் 2006-ல் சட்டம் போட்டு, ஒரு ஜூலுக்கும் கீழேதான் ஆற்றல் இருக்கலாம் என்று வைத்துவிட்டார்கள். தோலில் பட்டால் சுள்ளென்று இருக்கும், சிவக்கும். கண்ணில் பட்டால்? பார்வையே போகலாம். அதனால் முகத்தை முழுக்க மறைக்கும் முகமூடி, ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியின் வேகத்தையும் கருவியில் அளப்பது, விசில் ஊதும்வரை யாரும் முகமூடியைத் தூக்கக் கூடாது என்பது... இவையெல்லாம் இருந்தால்தான் அது விளையாட்டு.

இங்கே நடக்குமா? ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக் கொண்டு, போலீஸைப் பார்த்தால் மட்டும் மாட்டும் ஊர் நம்முடையது. வியர்க்குது என்று முகமூடியைத் தூக்கித் துடைக்க எத்தனை நொடி ஆகும்?

எனக்கு அனுபவம் இருக்கிறது. ஒரு பிறந்த நாள் விழாவுக்காக ஹாலை வாடகைக்கு விட்டேன். நான் கேக்குக்குத் தட்டு எடுக்கத் திரும்பிய நேரத்தில், குழந்தையின் அப்பாவே ரைபிளை அண்ணன் கையில் கொடுத்து, "தம்பியைக் குறி பாரு கண்ணு" என்று போனில் படம் எடுத்துக் கொண்டிருந்தார்! ரைபிள் காலி என்று காட்டக் குழாய்க்குள் ஆரஞ்சு நிறக் கயிறு போட்டு வைப்போம். போட்டோவில் நன்றாக இருக்காதாம், அதை உருவிப் போட்டிருந்தார். என் கை கால் நடுங்கிவிட்டது. ரைபிளைப் பிடுங்கிக் கொண்டு, 6,000 ரூபாய் முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். "விருந்தாளிகளை அவமானப்படுத்திட்டே" என்று வீட்டில் எனக்குத்தான் திட்டு.

குழந்தைகளுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பதே, 'குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழாய் முனை ஆள் பக்கம் திரும்பக் கூடாது' என்பதுதான். காலையில் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அதே கூரைக்குக் கீழே, காசு வாங்கிக் கொண்டு, ஆளைப் பார்த்துச் சுடு என்று எப்படிச் சொல்வேன்? பத்து வயதுப் பிள்ளைக்கு ஏர் ரைபிள் எது, பிளாஸ்டிக் துப்பாக்கி எது என்று கை அறியுமா? அதனால், "வேண்டாம் கண்ணு, இங்கே வேண்டாம்" என்று அக்கா மகனிடம் சொல்லிவிட்டேன். வந்த லட்சுமியைக் காலால் உதைக்கிறேன் என்று என் கணவருக்கு இன்னும் வருத்தம். நகையும் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. பொய் சொல்வானேன், மாதக் கடைசியில் எனக்கும் அந்த 60,000 ஞாபகம் வரும்.

அவன் கோபித்துக் கொள்ளவில்லை. பெருந்துறை ரோட்டில் தனியாக ஒரு குடோன் பார்த்திருக்கிறான். முதலில் போலீசில் எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கு, பதினெட்டு வயதுக்குக் கீழே சேர்க்காதே, ஆடுகிற இடத்தைச் சுற்றி வலை கட்டு, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் கண்ணாடி மாட்டு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தலையாட்டினான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன். துப்பாக்கி பத்து வாங்கியிருக்கிறானாம். முகமூடி எத்தனை என்று கேட்டதற்கு, "வந்துட்டிருக்கு சித்தி" என்றான்.

- ஒரு வாசகி, ஈரோடு.