கோழித் தீவனத்தில் கிடந்த சிப்பி



போன வாரம் நாமக்கல் பக்கம் பழைய மாணவர் ஒருவரின் கோழிப்பண்ணைக்குப் போயிருந்தேன். முட்டை ஓடு கெட்டிப்படத் தீவனத்தில் கலக்கும் கிளிஞ்சல் மூட்டை பிரித்துக் கிடந்தது. உடையாத ஒன்றை எடுத்து, "இது எந்தச் சிப்பி தம்பி?" என்றேன். "கிளிஞ்சல்தாங்க சார்" என்றார். தப்பு அவர் மேல் இல்லை. முப்பது வருஷம் 'மெல்லுடலிகள்' பாடம் நடத்திய நான், ஒரு நாளும் இந்த மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி வகுப்புக்குக் கொண்டு போனதில்லை.

நம் கழிமுகங்களில் ஏராளமாக வாழும் மட்டி ஒன்றின் அறிவியல் பெயர் மெரிட்ரிக்ஸ் காஸ்டா. லத்தீனில் முதல் சொல்லுக்கு விலைமகள் என்று பொருள், இரண்டாவதற்குக் கற்புள்ளவள்! சேற்றில் புதைந்து, நீரை வடிகட்டி வயிறு வளர்க்கும் உயிருக்கு இப்படி ஒரு பெயர். கோபன்ஹேகனில் இருந்த கெம்னிட்ஸ் பாதிரியார் இதை முன்பே விவரித்திருந்தார். ஆனால் லின்னேயஸின் இருசொல் பெயர் முறையை அவர் ஒழுங்காகப் பின்பற்றவில்லை. அதனால் இன்று பெயருக்குப் பின்னால் 'கிமெலின், 1791' என்றே எழுதுகிறோம். நம் நாட்டுப் பழைய ஆய்வுகளில் மட்டும் கெம்னிட்ஸ் பெயரைப் பார்க்கலாம்.

"இந்த லத்தீன் நமக்கு எதுக்குங்க சார்?" என்பீர்கள். பெயர் இருந்தால்தான் கணக்கெடுக்க முடியும். கணக்கு இருந்தால்தான் எது குறைகிறது என்று தெரியும். எல்லாமே 'கிளிஞ்சல்' என்றால், ஓர் இனமே இல்லாமல் போனாலும் மூட்டை நிறைந்துதான் வரும். நமக்குத் தெரியவே தெரியாது. அதே சமயம், லத்தீன் மட்டும் போதும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். சேற்றில் இறங்கிக் கையால் தடவி எடுக்கிறவர்களுக்கு அது மட்டிதான். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். ஆத்தூர் வழியே ஓடும் வசிஷ்ட நதி, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. அந்தக் கழிமுகத்திலும் இந்த மட்டி இருக்கிறது. நாம் ஆற்றில் விடுவதெல்லாம் அதன் வாசலுக்குத்தான் போகிறது.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் ஒரு கைப்பிடி கிளிஞ்சலை வகுப்பில் கொட்டி, வகை வகையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எத்தனை வகை வந்தது என்று இங்கே எழுதுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்தால் எனக்கு அது போதும்.