‘எஸ்சி பிள்ளைங்கல்லாம் எழுந்து நில்லுங்க’

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம். ஆறாம் வகுப்பு. பட்டியல் சாதிப் பெண் குழந்தைகளுக்கான ஊக்கத்தொகைப் பட்டியலை மாலைக்குள் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். வகுப்புக்குள் நுழைந்த வேகத்தில் சொன்னேன்: “எஸ்சி பிள்ளைங்கல்லாம் எழுந்து நில்லுங்க. பொண்ணுங்க மட்டும்.”

நான்கு பேர் எழுந்தார்கள். ஐந்தாவதாக ஒரு சிறுமி பாதி எழுந்து, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் நான்கு பெயர்களை எழுதிக்கொண்டு போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து அவளுடைய அப்பாவிடம் வங்கிக் கணக்கு விவரம் கேட்டபோது அவர் சொன்னார்: “பொண்ணு அந்தப் பணமே வேணாம்னுட்டா சார்.”

நான் பிற்படுத்தப்பட்ட சாதி ஒன்றில் பிறந்தவன். என் பள்ளிக்காலத்தில் என்னை யாரும் அப்படி எழுந்து நிற்கச் சொன்னதில்லை. சிலரை நிற்கச் சொன்னார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததை அப்படியே என் வகுப்பிலும் செய்தேன். அதில் தவறு இருக்கிறது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

பயிற்சிக்கு ஒன்றும் பஞ்சமில்லை. எமிஸ் தளத்தில் விவரம் ஏற்ற ஒரு பயிற்சி, ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்குப் பருவம்தோறும் பயிற்சி, ஹைடெக் லேப் பயிற்சி, மாதந்தோறும் குறுவள மையக் கூட்டம் என்று அரசுப் பள்ளி ஆசிரியரின் ஆண்டு நகர்கிறது. கொரோனா காலத்தில் ‘நிஷ்டா’ இணையவழிப் பயிற்சி வந்தது. இரவு பதினோரு மணிக்கு வீடியோவை ஓடவிட்டு, கேள்விகளுக்கு விடையை வாட்ஸ்அப் குழுவில் வாங்கி, சான்றிதழ் எடுத்தவர்களில் நானும் ஒருவன். தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. மணிக்கணக்கை இன்னும் கூட்டலாம், குறைக்கலாம். அந்த மணிகளில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. எமிஸில் ‘இனம்’ என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பதினோரு வயதுக் குழந்தையிடம் அதை எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தேநீர் இடைவேளையில். குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவரிடம் அந்தச் சிறுமியைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நானும் அப்படித்தான் சார் நின்னேன். வருஷா வருஷம் ஜூன் வந்தாலே பயமா இருக்கும்.” அவருடைய வகுப்பில் அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. சாதிச் சான்று விவரம் ஏற்கெனவே எமிஸில் இருக்கிறது. பட்டியலை அங்கேயே எடுத்துக்கொள்கிறார். படிவத்தை உறையில் போட்டுக் கொடுக்கிறார். உதவித்தொகை இல்லாத பிள்ளைக்கும் ஏதாவது ஒரு சுற்றறிக்கை வைத்த உறை போகிறது. யாருக்கு என்ன வந்தது என்று வகுப்புக்குத் தெரியாது.

பத்து நிமிடப் பேச்சு அது. என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பயிற்சியும் அதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமில்லை. மணி அடித்ததும் உள்ளே போய், கற்றல் விளைவுகள் பற்றிய அடுத்த ஸ்லைடைப் பார்த்தோம்.

சாதியைப் பள்ளியிலிருந்து அகற்றுவது பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் மாணவர்களைப் பற்றியே பேசுகிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். பள்ளிக்குப் புகார் போன பிறகே அது நடந்தது. அப்படியொரு புகார் நாளை என் மேசைக்கு வந்தால் நான் என்ன செய்வேன்? புகார் கொடுத்த பிள்ளையின் பெயர் வெளியே போகாமல் எப்படிக் காப்பது, அன்று அவனை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது, யாருக்கு முதலில் தகவல் சொல்வது? எனக்குத் தெரியாது. இது நல்ல மனம் இருந்தால் தானாக வந்துவிடும் விஷயமல்ல. கற்றுக்கொள்ள வேண்டிய பணித்திறன்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. ஊடகங்களில் கயிறும் நெற்றிப்பொட்டும்தான் விவாதமாயின. ஆனால் அதே அறிக்கை, சாதிப் பாகுபாடு பற்றியும் அது தொடர்பான சட்டங்கள் பற்றியும் ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி வேண்டும் என்றது. பி.எட். பாடத்திட்டத்தையும் தொடக்கக் கல்விப் பட்டயப் பாடத்திட்டத்தையும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. இதைப் பற்றி யாரும் தொலைக்காட்சியில் சண்டை போடவில்லை.

இது புதிய கோரிக்கையும் அல்ல. 1882இல் ஹண்டர் குழுவின் முன் ஜோதிராவ் புலே வைத்த மனுவில் ஆசிரியர் பயிற்சிக்குத் தனி இடம் உண்டு. உழைக்கும் சாதிகளிலிருந்து ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள், அவர்களால்தான் அந்தப் பிள்ளைகளோடு ஒட்டிப் பழக முடியும், விலகி நிற்கும் ஆசிரியரால் முடியாது என்று அவர் வாதாடினார். பள்ளியைத் திறந்தால் போதாது, உள்ளே நிற்பவர் யார், அவர் எப்படிப் பழகுகிறார் என்பதும் முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு ஜூனிலும், வகுப்புகள் முழு வேகம் எடுக்கும் முன், ஒரு முழு நாள் நேரடிப் பயிற்சி. வீடியோ வேண்டாம். தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், பகுதிநேர ஆசிரியர், அலுவலகப் பணியாளர் எல்லோரும் வர வேண்டும். வகுப்பைப் பெருக்கவும் கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றவும் யாரை அனுப்புகிறோம், கடைசி பெஞ்சில் யார் உட்காருகிறார்கள், ஆசிரியர் அறையில் யாருடைய டிபன் பாக்ஸில் யார் கைவைப்பதில்லை என்பதெல்லாம் அங்கே பேசப்பட வேண்டும். பாகுபாடு கூடாது என்று சொல்லும் கல்வி உரிமைச் சட்டமும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எளிய தமிழில் கையில் கிடைக்க வேண்டும். நடத்துபவர்களில் தலித் ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் தங்கள் காயத்தைத் திறந்து காட்டினால்தான் நாங்கள் கற்போம் என்ற நிலை கூடாது. எங்களைப் போன்றவர்கள் நாங்கள் செய்ததை முதலில் சொல்ல வேண்டும். அதனால்தான் இதை அந்த ஜூன் மாதத்திலிருந்து தொடங்கினேன்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் பி.எட். படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பேராசிரியரிடம் இதைக் கேளுங்கள். பலர் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியின் கூட்டத்துக்குப் போய், உதவித்தொகைப் பட்டியலை எப்படி எடுக்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைக் கேட்டாலே எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அந்தச் சிறுமி எட்டாம் வகுப்போடு எங்கள் பள்ளியை முடித்துப் போய்விட்டாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பதென்று தெரியாமலேயே மூன்று வருடம் போய்விட்டது.