மணலைக் கேட்டு மரம் நடுங்கள்

காட்டுப்பள்ளி, பழவேற்காடு. அடுத்தடுத்த ஊர்கள், இரண்டு பெயரிலும் காடு இருக்கிறது. இன்று எண்ணூர் தாண்டி அந்தப் பக்கம் போனால் கண்ணில் படுவது கிரேன், கண்டெய்னர், அனல்மின் நிலையப் புகைபோக்கி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. இடையில் எங்காவது பச்சை தெரிந்தால் பெரும்பாலும் அது சவுக்குத் தோப்பு, இல்லாவிட்டால் சீமைக் கருவேலம்.

மரம் நடப் பணமோ ஆணையோ இல்லாமல் இப்படி ஆகவில்லை. பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமைப் பரப்பாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கும் 33 சதவீதம்தான். கடலோரத்துக்கென்று உலக வங்கி உதவியோடு நெய்தல் மீட்சி இயக்கம் தனியாக இருக்கிறது. எத்தனை கன்று என்ற கேள்விக்கு எல்லோரிடமும் விடை உண்டு. என்ன கன்று, எந்த மண்ணில், எதற்கு அடுத்து எது என்று கேட்டால்தான் கோப்பைப் புரட்டத் தொடங்குகிறார்கள். காட்டுப்பள்ளி மணல்திட்டில் சவுக்கை மட்டும் நடும் பழக்கத்தை அரசு இத்தோடு நிறுத்த வேண்டும். காற்றுத்தடுப்பை மரத்திலிருந்து அல்ல, கொடியிலிருந்தும் புதரிலிருந்தும் தொடங்க வேண்டும்.

சவுக்கைத் திட்டுவது நம் நோக்கமல்ல. தென்கிழக்கு ஆசியாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்த அந்த மரம், 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகாகச் சென்னைக் கரையோரம் பரவியது. வெறும் மணலில் நிற்கும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் மூலம் தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். மூன்று வருடத்தில் கூரையைத் தாண்டிவிடும். சாரத்துக்கும் காகித ஆலைக்கும் விலை போகும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரையில் ஆய்வு செய்தவர்கள், அலையாத்திக்கும் சவுக்குக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் அந்த முடிவைக் கேள்வி கேட்டார்கள். கரையின் உயரமும் கடலுக்கடியில் உள்ள சரிவும் கணக்கில் வரவேண்டும் என்றார்கள். அதற்குள் கரை நெடுகச் சவுக்கு நட்டு முடித்தாகிவிட்டது.

சிக்கல் அடிமரத்தில் இருக்கிறது. வளர்ந்த சவுக்குத் தோப்புக்குள் போய்ப் பாருங்கள். அடிக்கிளைகள் காய்ந்து உதிர்ந்திருக்கும். ஆள் உயரம் வரை வெறும் கம்பங்கள். தரையில் ஊசி ஊசியாகச் சருகு மெத்தை, அதைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் செடிகள் மிகக் குறைவு. காட்டுப்பள்ளியில் மணல் பறப்பது அந்தக் கம்பங்களின் உயரத்தில்தான். நிலக்கரித் தூசியும் உலர்ந்த சாம்பலும் அதே உயரத்தில்தான் வீட்டுக்குள் வருகின்றன. போதாக்குறைக்கு எல்லாம் ஒரே வயது மரங்கள். வெட்டினால் ஒரே நாளில் கரை மொட்டை.

காற்றுத்தடுப்பு என்பது சுவர் அல்ல. சுவரில் மோதிய காற்று மேலே எகிறி மறுபக்கம் சுழன்று விழும். பாதிக் காற்றை வடிகட்டி அனுப்பும் வேலிதான் நல்ல வேலி. அப்படி அமைந்தால் மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு, சில இடங்களில் இருபது மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் தணியும். அதற்குத் தரையிலிருந்து உச்சி வரை இலை வேண்டும்.

அந்த அடுக்கு எப்படி இருக்கும் என்று மணலே காட்டுகிறது. அலைக்கு மிக அருகில் இராவணன் மீசைப் புல். அதன் முள்ளுருண்டைக் காய்கள் காற்றில் கரையோரமாக உருண்டு ஓடுவதைத் துரத்தி விளையாடாத மீனவக் குழந்தை உண்டா? அந்த உருண்டை ஓரிடத்தில் சிக்கும், மணல் அதன் மேல் சேரும், மேடு பிறக்கும். கூடவே ஊதாப் பூவோடு அடம்பங்கொடி படர்ந்து மேட்டைக் கட்டிப் பிடிக்கும். இந்த முன்வரிசையில் மரத்துக்கு வேலையே இல்லை. பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவருவது இந்த மணலுக்குத்தான். சவுக்கை அலைவரம்பு வரை கொண்டுபோனால் அவற்றுக்கு இடமிருக்காது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளை மிகக் கடுமையான பாதுகாப்பு வகையில் வைத்திருப்பதும் சும்மா இல்லை.

மேட்டின் முதுகில் தாழை, பீச்சங்கு, விராலி, நொச்சி. அதற்குப் பின்னால்தான் புன்னை, பூவரசு, புங்கை, வேம்பு, இடையிடையே பனை. புன்னை மெதுவாக வளரும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தடித்த இலையில் உப்புச்சாரல் பட்டாலும் கருகாது, தாழவே கிளை விட்டு அகலமாக நிற்கும். அந்த மரத்தில் படகு செய்தார்கள், கொட்டையில் விளக்கெரிக்க எண்ணெய் எடுத்தார்கள். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலம் என்றதும் புன்னையையும் தாழையையும் அடும்பையும்தான் பாடினார்கள். இயக்கத்துக்கு நெய்தல் என்று பெயர் வைத்த அதிகாரிகள் அந்தப் பட்டியலையும் ஒருமுறை வாசித்திருக்கலாம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பவர்கள், பழவேற்காடு முகத்துவாரத்துக்கு அக்கரையைப் பார்க்கட்டும். அதே கடல், அதே மணல்திட்டு, அதே ஐப்பசிக் காற்று. அங்கே ஸ்ரீஹரிகோட்டா. 1969-இல் ராக்கெட் ஏவுதளத்துக்காக அந்தத் தீவு தேர்வானதும் வெளியார் நடமாட்டம் நின்றது; தைல மரமும் சவுக்கும் நட்ட பகுதிகள் போக, பாலையும் நாவலும் காயாவும் அடர்ந்த உலர் பசுமைக்காடு இன்றும் மிஞ்சியிருக்கிறது. காட்டுப்பள்ளிக்கு விதைப் பட்டியல் வேண்டுமானால் வேறெங்கும் போக வேண்டாம். வளாகங்களில் வேகமாகப் பச்சை காட்டுவதற்காக நட்ட கோனோகார்ப்பஸை 2023-இல் குஜராத் தடை செய்ததையும் மறக்க வேண்டாம். கடலோரத் தொழிற்சாலைகள் நிறைந்த அந்த மாநிலமே தன் விருப்ப மரத்தைக் கைவிட்டது.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையின் குல்மொஹரையும் தூங்குமூஞ்சி மரங்களையும் சாலை சாலையாகச் சாய்த்தது. வேர் ஓட இடம் தராத கான்கிரீட் ஒரு காரணம். நாற்றங்காலிலேயே தொடங்கும் இன்னொரு காரணமும் உண்டு. பாலிதீன் பையில் நெடுநாள் கிடந்த கன்றின் வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுருண்டுவிடும்; நட்ட பிறகும் அந்தச் சுருள் விரியாது. விழாவில் படம் பிடிக்க வசதி என்று ஆளுயரக் கன்றை வாங்குகிறவர்கள் இந்தச் சுருளுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள். மணலில் முழங்கால் உயரக் கன்று போதும். பனைக்கு அதுவும் வேண்டாம். கொட்டையை நேரே மண்ணில் புதைத்தால் வேர் தானே கீழே இறங்கும்.

மரத்தால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதை அலைத்தடுப்புச் சுவர் மறித்தால் வடக்கே கரை கரையும். ராயபுரமும் திருவொற்றியூரும் இதை நூறாண்டாக அனுபவிக்கின்றன. துறைமுகத்தை விரித்துக்கொண்டே போய், அரிக்கும் கரையில் மரம் நட்டுச் சமாதானம் சொன்னால் அந்த மரமும் கடலுக்குள் விழும். கொசஸ்தலையாற்றில் படிந்த சாம்பலை வாரி ஈரநிலத்தை மீட்கும்படி 2022-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் மரக்கன்றால் தீரும் வேலை அல்ல. கழிமுகத்தில் உயிரோடிருக்கும் கண்டல்களைக் காப்பதே அங்கே முதல் காற்றுத்தடுப்பு.

கணக்கெடுக்கும் முறையை அரசு மாற்ற வேண்டும். ஆலைகளும் துறைமுகங்களும் நட்ட கன்றின் எண்ணிக்கையைக் காட்டுவது போதாது. மூன்றாம் ஆண்டு கோடையில் எத்தனை உயிரோடிருக்கின்றன, எத்தனை வகை, தரையோரத்தில் புதர் இருக்கிறதா என்பதைக் காட்டச் செய்ய வேண்டும். அந்தக் கணக்கைப் பக்கத்துக் குப்பத்து மக்கள் முன்னிலையில் எடுக்க வேண்டும். இருக்கும் சவுக்கை ஒரேயடியாக வெட்டச் சொல்லவில்லை. வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டு, நிழலில் புன்னையை ஏற்றிவிட்டுப் பிறகு எடுக்கலாம். ஐப்பசி மழைக்கு நடவேண்டிய கன்றுக்கு நாற்றங்கால் வேலை மாதக்கணக்கில் பிடிக்கும். வனத்துறை அடுத்த ஆண்டுக்கான கொள்முதல் பட்டியலை எழுதும் முன், கடலோரப் புன்னை மரங்களின் அடியில் விழுந்து கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்க ஆள் அனுப்பட்டும்.