யாருக்குத் தண்ணீரில் கண்டம்?

"இந்தப் பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம்." நம்மில் எத்தனை பேருடைய சாதகத்தில் இந்த ஒரு வரி இருக்கிறது என்று கணக்கெடுத்தால், பேரவையின் உறுப்பினர் பட்டியலில் பாதி அதில் வந்துவிடும். சாதகத்தில் இல்லாதவர்களும் தப்பிவிட முடியாது. வீட்டில் பாட்டியோ அத்தையோ அதை வாய்மொழியாகவே சேர்த்துவிடுவார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நல்ல பழமொழிதான். ஆனால், ஆழத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலை விடாதே என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வளர்ந்துவிட்டோம்.

சிங்கப்பூரில் இன்று 17 நீர்த்தேக்கங்கள் உள்ளன. 1868இல் கட்டி முடிக்கப்பட்ட மெக்ரிட்சி அவற்றுள் மூத்தது. 2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் தொடங்கிய திட்டத்திற்குப் பிறகு, வேலி போட்டுப் பாதுகாத்த நீர்நிலைகள் பலவும் மக்கள் கூடும் இடங்களாகிவிட்டன. வார இறுதியில் பிடோக்கிலோ ஜூரோங் ஏரிக்கரையிலோ நின்று பாருங்கள். துடுப்புப் போடுகிறவர்கள், பாய்மரம் விரிக்கிறவர்கள், கூட்டமாக டிராகன் படகு வலிக்கிறவர்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். நாமும் இருப்போம், கரையில். சூரியன் மறைகிற பக்கமாகத் திரும்பி நின்று நான்கு படம் எடுத்துக்கொண்டு, சாப்பிடத் தேக்காவுக்குக் கிளம்பிவிடுவோம்.

இதில் என்ன குற்றம், ஆளுக்கொரு பொழுதுபோக்கு என்று நீங்கள் கேட்கலாம். பொழுதுபோக்கோடு முடிகிற விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள். தமிழ்ப்பள்ளியில் இருந்தவரை நாங்கள் எல்லாரும் ஒரே கரையில் நின்றதால் வேறுபாடு தெரியவில்லை. இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் இரண்டு இரவு முகாம் என்று அறிவித்தார்கள். கூடாரம், படகோட்டம், இரவு நடை எல்லாம் உண்டு. பெற்றோர் கையொப்பமிட வேண்டிய அனுமதிக் கடிதம் கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் இந்திய மாணவர்கள் ஒன்பது பேர். கையொப்பத்துடன் திரும்பி வந்த கடிதங்கள் இரண்டு, இரண்டுமே பையன்களுடையவை. "போகாதே" என்று என் அம்மா சொல்லவில்லை. "அப்பா வரட்டும்" என்றார். அப்பா வந்ததும் "அம்மாவைக் கேள்" என்றார். முகாம் முடிந்தே போயிற்று.

அடுத்த வாரம் முழுக்க வகுப்பில் வேறு பேச்சே இல்லை. எந்தக் கூடாரத்தில் மழைநீர் புகுந்தது, யார் படகைக் கவிழ்த்தது, இரவில் அழுதது யார் என்று மலாய்த் தோழியரும் சீனத் தோழியரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதுவரை தனித்தனிக் கூட்டமாக உட்கார்ந்தவர்கள் சிற்றுண்டிச்சாலையில் ஒன்றாக உட்காரத் தொடங்கினார்கள். எங்கள் மேசை மட்டும் அப்படியே இருந்தது. நட்பு அப்படித்தான் உண்டாகிறது. ஒரே படகில் நனைந்தவர்களுக்குள் உண்டாகிறது. பாடம் போனால் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். இதற்கு எந்தப் புத்தகத்தைப் படிப்பது?

தடுப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. முதலில் "கறுத்துப் போய்விடுவாய்" என்பது. பேருந்து நிறுத்தத்திலிருந்து விரிவுரை மண்டபத்திற்கு நடந்து போகும்போது கறுக்காதவளா ஏரியில் கறுத்துவிடப் போகிறேன்? அப்படியே கறுத்தால்தான் என்ன? முகத்தின் நிறத்திற்குப் பயந்து உடம்பின் பலத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிற இந்த அறிவுரையை அண்ணன் தம்பிகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். அடுத்து உடை. மணிக்கட்டு முதல் கணுக்கால் வரை மறைக்கும் நீச்சல் உடை அணிந்து என் மலாய்த் தோழியர் வாரந்தோறும் நீந்துகிறார்கள். உடைதான் தடை என்றால் அது கடையில் விற்கிறது. மிச்சமிருப்பது சாதகம். அதோடு என்னால் வாதாட முடியாது.

"இதெல்லாம் நம் பழக்கம் இல்லை" என்பவர்களிடம்தான் எனக்கு உண்மையான சண்டை. நம் பழக்கம் இல்லையா? வையையில் புதுப்புனல் வந்ததும் மதுரை மக்கள் ஆணும் பெண்ணுமாக நீராடக் கிளம்பிய கோலத்தைப் பரிபாடல் பாடல் பாடலாக விவரிக்கிறது. ஆடிப் பதினெட்டாம் நாள் காவிரிக்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடி, எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் உண்டு மகிழ்வது யாருடைய பழக்கம்? அந்த விழாவை முன்னின்று நடத்துகிறவர்கள் பெண்கள். உலகம் முழுவதும் 'கட்டமரன்' என்று ஓட்டித் திரிகிறார்களே, அந்தச் சொல் நம் கட்டுமரம். பாக்கு நீரிணையை 1954இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமி தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். 1971இல் அதே நீரிணையை நீந்திப் போய் நீந்தியே திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறைக்காரர். இத்தனையையும் பட்டிமன்றத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்குவோம். ஆனால், முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கச் சொன்னால் கைபேசி நனைந்துவிடும் என்போம்.

ஆனந்தனின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிரிழந்தார். தண்ணீர் விளையாட்டுப் பொருளன்று. 2021இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எனவே அம்மாவின் அச்சம் பொய்யான அச்சமன்று. அந்த அச்சத்திற்கு அம்மா கண்ட மருந்துதான் தவறு. அதே நிறுவனம், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் கற்றுக்கொடுங்கள் என்கிறது. சிங்கப்பூரில் 2010 முதல் அதற்கென்றே 'சுவிம்சேஃபர்' என்ற தேசியத் திட்டம் நடக்கிறது. கரையிலேயே வளர்ந்த பிள்ளை என்றாவது ஒரு நாள் கால் தவறி விழத்தான் செய்யும். அன்று அந்தப் பிள்ளைக்கு மிதக்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

நான் நீச்சல் கற்றது இருபது வயதில், பல்கலைக்கழகக் குளத்தில். எனக்குப் பக்கத்துத் தடத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, மூச்சு விடுவது எப்படி என்று விளக்கினான். நன்றாகவே விளக்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற ஊழியர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர். முதல் நாள் வேலை முடிந்து திரும்பும் வழியில் நீர்த்தேக்கம் ஒன்றைப் பார்த்தாராம். "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒருத்தரும் எறங்கிக் குளிக்கலையே தங்கச்சி?" என்றார். குடிநீர், அதனால் நீந்த அனுமதியில்லை என்றேன். "அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஊர்க் கண்மாயில் தாம் நீந்தக் கற்ற கதையைச் சொன்னார். காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிவிட்டு மாமா தூக்கி வீசினாராம். மதகு, மடை, கலிங்கு என்று அவர் வாயில் சொற்கள் வந்து விழுந்தன. தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்கே அவற்றுள் இரண்டுக்குப் பொருள் கேட்க வேண்டியிருந்தது. "அண்ணே, சாதகத்துல கண்டம்னு போட்டிருந்தா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "போட்டிருந்தா ரெண்டு குடுக்கையாக் கட்டுவாங்க" என்றார்.

தேக்காவும் தண்ணீரால் உருவான இடம்தான் என்பதை நாம் மறந்துவிட்டோம். ரோச்சோர் ஆற்றோரத்துச் சதுப்புநிலம் எருமைகளுக்குத் தோதாக இருந்ததால்தான் 19ஆம் நூற்றாண்டில் இந்தியக் கால்நடை வணிகர்கள் அங்கே கூடினார்கள். கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை ஆகிய பெயர்களில் அந்த எருமைகள் இன்னும் நிற்கின்றன. கேகே மருத்துவமனையின் இரண்டு எழுத்துகளும் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ்தான். சற்றுத் தள்ளி டோபி காட்டில், நம் ஊர்களிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி துவைத்தார்கள். இடுப்பளவு நீரில் நின்று பிழைத்தவர்களுக்குத் தண்ணீரில் கண்டம் பார்க்க நேரமிருந்திருக்காது.

இன்றும் சிராங்கூன் சாலைப் பக்கம் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாய் வழியாக ஓடிக் காலாங் பேசினில் போய்ச் சேர்கிறது. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு கடலைத் தடுத்ததால் அந்த நீர் இப்போது நன்னீர். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்து மழை, ஏறக்குறைய 10,000 ஹெக்டர் பரப்பில் விழுவது, அந்த ஒரு தேக்கத்தில் சேர்கிறது. தேக்காவில் பழக்கடை வாசலில் தெறிக்கும் மழைத்துளியைப் பிறகு நாம் குடிக்கவும் கூடும், அதன்மேல் படகு விடவும் கூடும்.

படகு விட்டோம். சென்ற விடுமுறையில் பேரவைத் தோழியர் ஐவரோடு காலாங்கில் கயாக் பயிற்சிக்குச் சென்றேன். உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்டதும் பயிற்றுநர் முதலில் சொன்னது, படகைக் கவிழ்க்கப் போகிறோம் என்பதுதான். கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வரத் தெரியாதவருக்குத் துடுப்பு கிடையாதாம். எங்களுள் ஒருத்தி அந்த இடத்திலேயே தன் பாட்டியை நினைத்துக்கொண்டாள். தலைகீழாக நீருக்குள் போய், காலை உதறி, அங்கி மேலே தூக்க, வாயில் வந்த தண்ணீரைத் துப்பிக்கொண்டு வெளியே வர எல்லாமாகச் சில நொடிகள்தான். கண்டம் அவ்வளவு விரைவில் கழிந்துவிடும் என்று எந்தச் சோதிடரும் சொன்னதில்லை.

பிறகு இருவர் படகில் நானும் இங்கே பிறந்து வளர்ந்த ஒரு தோழியும். காற்று எங்களைப் பாலத் தூணை நோக்கித் தள்ளியது. நான் பதற்றத்தில் "வலி! உன் பக்கம் வலி!" என்று கத்தினேன். அவள் துடுப்பை மடியில் போட்டுவிட்டுக் கவலையோடு திரும்பி, "எங்கே வலிக்குது?" என்று கேட்டாள். தூணில் முட்டாமல் தப்பியது யார் செய்த புண்ணியமோ. துடுப்பு வலித்தல் என்று ஒரு சொல் இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பும் இல்லை. அவள் தமிழ் பேசிய இடங்கள் வகுப்பறை, கோயில், மேடை இவைதாம். தண்ணீருக்கு அருகே தமிழோடு அவளை யாரும் அழைத்துப் போனதில்லை. அன்று மாலைக்குள் 'வலி', 'நிறுத்து', 'பின்னால் தள்ளு' எல்லாம் அவளுக்குப் பழகிவிட்டன. எந்தச் சொற்பொழிவிலும் ஒரு நாளில் மூன்று வினைச்சொற்கள் நம் நாக்கில் ஏறியதில்லை.

ஆகவே, பேரவையின் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் குளிரூட்டிய அரங்கில் நடத்தும் நிகழ்ச்சிகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, ஒரு பகலையும் ஓர் இரவையும் தண்ணீரோரம் வையுங்கள். பகலில் காலாங்கிலோ ஜூரோங்கிலோ துடுப்பு. இரவில் கூடாரம். நீர்த்தேக்கக் கரையில் தங்குவதென்று ஆசைப்படாதீர்கள். குடிநீர் விஷயத்தில் இங்குள்ள கண்டிப்பை நான் குறைசொல்ல மாட்டேன். கூடாரம் அமைக்கக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவும் பாசிர் ரிஸ் பூங்காவும் இருக்கின்றன, தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். காட்டுக்குள் போன உணர்வு வேண்டுமென்பவர்கள் சாங்கி முனையில் படகேறிப் புலாவ் உபினுக்குப் போகலாம். படகில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டும். நாம் நாற்பது பேர் போனால் காத்திருக்கவே வேண்டாம். நீச்சல் தெரியாதவர்களுக்கு அதற்கு முன் எட்டு வாரம் குளத்தில் பயிற்சி. சொல்லித்தர நம் முன்னாள் மாணவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும். நீங்கள் எங்கோ இருக்கிறீர்கள், ஆனால் விருந்து நிகழ்ச்சிக்கு மட்டும் வருகிறீர்கள்.

பெற்றோரிடம் பேசுவதை மாணவர்களின் தலையில் போட்டுவிடக் கூடாது. என் தங்கையின் அனுமதிக் கடிதம் இந்த ஆண்டு வந்தபோது, பயிற்றுநரின் தகுதி, அங்கியின் அளவு, ஒரு படகுக்கு எத்தனை மேற்பார்வையாளர் என்று கேட்டு எழுதி வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். இருமுறை படித்தார். "அப்பா வரட்டும்" என்று சொல்லாமல் கையொப்பமிட்டார். கூடவே காதில் போட எண்ணெய்ப் பஞ்சு, ஐந்து துண்டு, ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு. ஆகவே கேள்விகளுக்கு விடை எழுதிய ஒரு தாளைப் பேரவையே அச்சடித்து வீட்டுக்கு அனுப்பட்டும். முடிந்தால் அம்மாக்களையும் ஒரு நாள் கரைக்கு அழைக்கட்டும்.

நாள் குறித்ததும் சொல்லுங்கள். மாற்றுடை இரண்டு எடுத்து வருவது அவரவர் பொறுப்பு. கட்டுச்சோறு என் பொறுப்பு.