பாரீசிலிருந்து வரும் அட்டை

“அக்கா, எங்க சின்ன மாமனார் பாரீசுலேருந்து வர்றாரு. அவரு பேரனுக்கும் இதே மாத்திரைதானாம். ரெண்டு அட்டை கூடுதலா எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?”

கேட்டவர் காரைக்காலில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தாய். எட்டு வயது மகனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) என்று புதுச்சேரியில் கண்டறிந்து மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு தீரும்போதெல்லாம் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று சுமார் 130 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வர வேண்டும். அந்த அலுப்பில்தான் கேட்கிறார். சென்ட்டும் சாக்லெட்டும் தைலமும் பாரீஸ் பெட்டியில் வந்து இறங்கிப் பழகிய ஊர் இது. மாத்திரை மட்டும் ஏன் வரக்கூடாது என்று தோன்றுவது இயல்புதான்.

வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பேரனின் மாத்திரை அந்தப் பேரனுக்கானது. ஒரே மருந்து நான்கு மணி நேரத்தில் அடங்கிவிடும் வகையாகவும் வரும், எட்டு, பத்து, பன்னிரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் வகையாகவும் வரும். பெயரைப் பார்த்து அது எந்த வகை என்று வீட்டில் பிரித்தறிய முடியாது. பிரான்சிலேயே இதற்குப் போதைப்பொருளுக்கான கட்டுப்பாடுதான்; ஒரு சீட்டுக்கு 28 நாள் மாத்திரைக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். இங்கே 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும், மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் இருக்கிறது. அதை விற்கக் கடைக்குத் தனி உரிமம் வேண்டும். டாக்டர் சீட்டு இரண்டு பிரதியாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். 2020-இல் வந்த தொலைமருத்துவ நெறிமுறைப்படி போனிலோ வீடியோவிலோ இதை எழுதிக் கொடுக்கவும் முடியாது.

இவ்வளவு கெடுபிடி என்றதும், “அப்போ இது போதை மருந்தா?” என்று அடுத்த பயம் வந்துவிடுகிறது. 1944-இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்ட மருந்து இது. பல பத்தாண்டுகளாக உலகம் பார்த்துவிட்டது. ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு, டாக்டர் சொன்ன அளவில், வாய்வழியாகக் கொடுத்தால் அவன் பின்னால் போதைக்கு அடிமையாவான் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: பரீட்சைக்குக் கண் விழிக்க ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்க்கும் கல்லூரி அண்ணனிடம், நண்பனுக்கு ஒன்று கொடுக்கும் கையில். அட்டை பூட்டில் இருக்கட்டும். மாத்திரையை எண்ணி வையுங்கள். பிள்ளையின் பையில் போட்டுப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

மருந்து தொடங்கும் முன் டாக்டர் ஒரு கேள்வி கேட்பார்: குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? நம் வீடுகளில் இதற்கு உண்மையான பதில் வருவதே இல்லை. முப்பது வயதில் தூக்கத்திலேயே போன சித்தப்பாவைக் “காத்து கருப்பு அடிச்சிடுச்சு” என்று சொல்லி முடித்திருப்போம். ஆஸ்பத்திரியில் அதைப் போய்ச் சொல்வானேன் என்று அப்பா பேசாமல் இருப்பார், அம்மாவுக்கோ புகுந்த வீட்டுச் சங்கதி தெரியாது. தயவுசெய்து சொல்லுங்கள். இந்த மருந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றும். இதயத்தில் பிறவிக் கோளாறு இருந்தாலோ, விளையாடும்போது பிள்ளை மயங்கி விழுந்திருந்தாலோ முதலில் இதயத்தைப் பரிசோதித்தாக வேண்டும். திருநள்ளாற்றில் எள் விளக்கு ஏற்றியதையும் நாகூரில் கயிறு கட்டியதையும் தயங்காமல் சொல்லும் நாம், இதை மட்டும் மறைக்கிறோம்.

பெரும்பாலும் 5 மில்லிகிராமில்தான் தொடங்குவார்கள். வாரக்கணக்கில் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். நீண்ட நேர வகையைப் பொடித்துத் தயிரில் கலந்து ஊட்டினால், பகல் முழுக்க இறங்க வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும். விழுங்க மறுக்கிறான் என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு வகை கேட்க வேண்டும்.

மதியச் சாப்பாடுதான் தாய்மார்களின் பெரிய கவலை. டப்பா அப்படியே திரும்பி வரும். மருந்து வேலை செய்யும் நேரத்தில் பசி அடங்கிவிடுவதால் வரும் வினை அது. மாத்திரைக்கு முன்னால் காலையிலேயே வயிறு நிறைய இட்லியும் முட்டையும், மருந்தின் வேகம் அடங்கிய பிறகு ராத்திரி மீன் குழம்புச் சோறும் கொடுத்துப் பல வீடுகளில் சமாளிக்கிறார்கள். மருந்தின் வேகம் அடங்கும் சாயங்கால நேரத்தில் சில பிள்ளைகள் அழுது, எரிந்து விழுந்து, முன்னைவிடப் படுத்துவார்கள். “மாத்திரை என் பிள்ளையைக் கெடுத்துடுச்சு” என்று அன்றே நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை மணிக்குக் கொடுத்தோம், எத்தனை மணிக்கு அழுதான், எப்போது தூங்கினான் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோனால், நேரத்தை மாற்றியே டாக்டர் அதைச் சரிசெய்துவிட முடியும்.

ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சேட்டை செய்யும் பிள்ளையெல்லாம் ஏடிஎச்டி இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைக்கு அது இருக்கலாம். “மாத்திரை போட்டுட்டு வந்தாத்தான் வகுப்புல உட்காரலாம்” என்று சொல்ல எந்தப் பள்ளிக்கும் உரிமையில்லை. பள்ளிக்கு வரும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் (தேசியச் சிறார் நலத் திட்டம்) குழு பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் ஏடிஎச்டியும் உண்டு. சந்தேகமுள்ள பிள்ளையை அவர்களிடம் காட்டுங்கள்.

இந்த மருந்து பாதுகாப்பாக இருப்பது அளந்து பார்ப்பதால்தான். பிரிட்டனின் 2018 வழிகாட்டுதல்படி பத்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், அளவை மாற்றும்போதெல்லாம் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு தராசும், சுவரில் ஒரு அளவுகோலும், சிறுவர் கைக்கேற்ற ரத்த அழுத்தப் பட்டையும் போதும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியரே எடுத்துச் சீட்டில் குறித்துத் தரலாம். அரசுப் பொது மருத்துவமனையும், 2016 முதல் ஜிப்மரின் கிளையும் இருக்கும் ஊர் காரைக்கால். இந்தப் பிள்ளைகளுக்கென்று மாதம் ஒரு நாள், புதுச்சேரியிலிருந்து ஒரு மனநல மருத்துவர் இங்கே வந்து உட்கார்ந்து சீட்டு எழுத ஏற்பாடு செய்யுங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்கிறேன்.