உயிர் காத்தவர்களுக்கு ஏன் தலைமை இல்லை?

1967இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஹில் பகுதிக் கறுப்பின இளைஞர்களைக் கொண்டு 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதுவரை நோயாளியைப் போலீஸ் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். வழியில் சிகிச்சை என்பதே கிடையாது. வேலைக்கு லாயக்கில்லை என்று ஊர் ஒதுக்கிய இளைஞர்களுக்கு மருத்துவர் பீட்டர் சஃபார் வகுத்த பயிற்சி சுமார் 300 மணி நேரம். பிறகு அவர்களோடு வேலை செய்து மருத்துவர் நான்சி கரோலின் உருவாக்கிய பாடத்திட்டம் நாட்டுக்கே முன்மாதிரியானது.

ஆனால் ஒப்பந்தமும் பணமும் நகர நிர்வாகத்தின் கையில். 1975இல் அது சொந்தச் சேவையைத் தொடங்கி இதை மூடியது. ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டது உண்மைதான். அப்புறம் வந்தன புதுப்புதுத் தேர்வுகள். தெருவில் உயிர் காத்துப் பழகியவர்கள், அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்குக் கீழே நிறுத்தப்பட்டார்கள். பலர் வெளியேற்றப்பட்டார்கள், சிலர் வெறுத்துப் போனார்கள். 'தகுதி' என்ற சொல் நமக்கு மட்டும் புதிதா தோழர்களே?

இதை நிர்வாகச் சிக்கல் என்று பாடம் நடத்துவார்கள். எனக்கு இது அதிகாரப் பறிப்பு. ஜான் மூன் தாக்குப்பிடித்து உதவித் தலைவர் பதவிவரை உயர்ந்தாரே என்பார்கள். ஆமாம், உயர்ந்தார். கூட இருந்த மற்றவர்கள் எங்கே?