மின்குமிழும் தெரிவுரிமையும்

“என் வீட்டில் எந்த மின்குமிழ் எரிவது என்பதையும் அரசாங்கமா தீர்மானிப்பது?” என்ற கூக்குரல் ஐக்கிய அமெரிக்காவில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கேள்வி கவர்ச்சியானதே. ஆயின் சட்டம் கூறுவது யாது?

ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் 2007இல் ஒப்பமிட்ட சட்டம் இழைக்குமிழைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. வாற் ஒன்றுக்கு இவ்வளவு ஒளி என்று அளவையே வகுத்தது. உரிய விதிகள் காலத்தில் ஆக்கப்படாவிடின், 2020 முதல் 45 லுமெனுக்குக் குறைந்தவை விற்கப்படலாகா என்ற ஏற்பாடும் அதிலேயே இருந்தது. பழைய 60 வாற் குமிழோ 15ஐயும் எட்டாது, எஞ்சியதெல்லாம் வெப்பம்!

2019இல் ட்ரம்ப் நிருவாகம், அவ்வேற்பாடு செயற்படவே இல்லையென வியாக்கியானம் செய்தது. (புதிய குமிழொளியில் தம் முகம் செம்மஞ்சளாகத் தெரிகிறதென்பது ஜனாதிபதியின் முறைப்பாடு.) 2022இல் பைடன் நிருவாகம் 45 லுமென் விதியை ஆக்கிற்று, 2023 ஓகஸ்டில் அது கடைகளில் முழுமையாக அமுலாகியது.

யாருடைய தெரிவைப் பற்றிப் பேசுகிறார்கள்? வாடகை வீடுகள் பலவற்றில் மலிந்த குமிழைப் பூட்டுபவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் செலுத்துபவரோ குடியிருப்பவர். அவருக்கு இருந்த தெரிவு எது?

சட்டம் தவறெனக் கருதுவோர் காங்கிரஸில் பெரும்பான்மை திரட்டி அதைத் திருத்தட்டும். வியாக்கியானத்தால் அதை முடமாக்க நிருவாகத்துக்கு அதிகாரம் அளித்தவர் யார்?